எழுதாத கேஸ் எங்க போகும்? ஸ்விட்ச், மேட்ச் பத்தி கொஞ்சம் விரிவா

ஒரு ஆர்டரோட நிலைய வச்சு மெயில் அனுப்புற கோட் ஒண்ணு ஜாவால எழுதியிருந்தேன். மொத்தம் நாலே நிலைதான், ஆர்டர் வந்தது, பேக் பண்ணது, அனுப்பினது, கைக்கு போய் சேந்தது. ஸ்விட்ச், அதாவது ஒரு மதிப்ப பாத்து அதுக்கு எழுதின கேஸுக்கு அனுப்பற அமைப்பு, அத போட்டு முதல் மூணுக்கும் தனித்தனியா கேஸ் எழுதிட்டு, மிச்சம் இருக்கறது ஒண்ணுதானே அதுக்கு எதுக்கு இன்னொரு கேஸ்னு நாலாவத டீஃபால்ட்ல, அதாவது எந்த கேஸும் பொருந்தலன்னா ஓடற இடத்துல, போட்டுட்டேன். அன்னிக்கு அது சரியாத்தான் இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு டீம்ல இன்னொருத்தர் "திரும்பி வந்தது"ன்னு அஞ்சாவதா ஒரு நிலைய சேத்தாரு, கம்பைல் ஆச்சு, டெஸ்ட் எல்லாம் பாஸ், லைவுக்கும் போயிடுச்சு. பொருள திருப்பி அனுப்பினவங்களுக்கெல்லாம் "உங்க பொருள் வந்து சேந்துடுச்சு, நன்றி"ன்னு மெயில் போக ஆரம்பிச்சுது. ரெண்டு வாரம் எங்க யாருக்குமே தெரியல, ஏன்னா எரரும் இல்ல லாகும் இல்ல.

அதுலருந்து எந்த லாங்குவேஜ புதுசா தொட்டாலும் நான் முதல்ல பாக்கறது இதத்தான்: நான் கேஸ் எழுதாத ஒரு மதிப்பு வந்து நின்னா இது என்ன பண்ணும்? கோலன் போடணுமா அம்புக்குறி போடணுமா, ஸ்விட்ச்னு சொல்றாங்களா மேட்ச்னு சொல்றாங்களாங்கறதெல்லாம் பத்து நிமிஷத்துல பழகிடும். இந்த கேள்விக்கான பதில்தான் லாங்குவேஜுக்கு லாங்குவேஜ் நெஜமாவே மாறுது, அந்த பதில் ஏன் அப்படி இருக்குன்னு பாக்கப்போனா கதை 1957 வரைக்கும் போகுது.

முதல்ல ஒரு சின்ன விஷயம். இஃப் எல்ஸ் இஃப்னு வரிசையா அடுக்குனாலே எல்லா வேலையும் நடக்கும், அப்பறம் எதுக்கு தனியா ஒரு அமைப்பு? இஃப் வரிசைல ஒவ்வொரு கண்டிஷனும் எதப்பத்தி வேணா கேக்கலாம், முதல் வரி வயச கேக்கும், ரெண்டாவது வரி நெட்வொர்க் இருக்கான்னு கேக்கும், படிக்கிறவங்க கடைசி வரி வரைக்கும் போனாத்தான் மொத்தமா புரியும். ஸ்விட்ச் போட்டீங்கன்னா "இங்க நான் ஒரே ஒரு மதிப்பத்தான் பாக்கறேன்"னு வாக்கு குடுத்த மாதிரி. அந்த வாக்க வச்சுக்கிட்டு கம்பைலரால, அதாவது நம்ம கோட மெஷினுக்கு புரியற மாதிரி மாத்தற புரோகிராமால, ரெண்டு காரியம் பண்ண முடியும். ஒண்ணு, ஒவ்வொண்ணா ஒப்பிட்டு பாக்காம நேரா சரியான இடத்துக்கு தாவலாம். இன்னொண்ணு, எல்லா மதிப்புக்கும் பதில் எழுதியிருக்கீங்களான்னு சரிபாக்கலாம். முதல் காரியம் 1950கள்லயே கெடச்சிடுச்சு, ரெண்டாவது வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு.

1957ல ஐபிஎம் 704 மெஷினுக்காக ஜான் பேக்கஸ் டீம் குடுத்த ஃபோர்ட்ரான்ல கம்ப்யூட்டட் கோ டூன்னு ஒண்ணு இருந்துச்சு. லேபிள், அதாவது கோட்ல ஒரு வரிக்கு வைக்கற அடையாளம், அந்த நம்பர்கள வரிசையா எழுதி பக்கத்துல ஒரு வேரியபிள் குடுக்கணும், அதோட மதிப்பு 2ன்னா ரெண்டாவது லேபிளுக்கு தாவும், அவ்வளவுதான். அதே ஃபோர்ட்ரான்ல அரித்மெட்டிக் இஃப்னு இன்னொண்ணு, கணக்கு போட்டு விடை மைனஸா பூஜ்யமா ப்ளஸ்ஸான்னு பாத்து மூணு லேபிள்ல ஒண்ணுக்கு போகும். இந்த மூணு வழி இஃப 2018 ஸ்டாண்டர்ட்லதான் ஒருவழியா தூக்குனாங்க. சரி, கம்ப்யூட்டட் கோ டூல மூணு லேபிள் குடுத்துட்டு வேரியபிள்ல 7 வந்தா? ஃபோர்ட்ரான் 77 சொல்றது, ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்த வரிக்கு போயிடுமாம். சத்தமே இல்லாம. இந்த பழக்கம் அப்படியே பல லாங்குவேஜுக்கு பரவிச்சு.

லேபிளுக்கு தாவறது இல்லாம, உள்ளயே கோட் எழுதற மாதிரியான கேஸ் டோனி ஹோர்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானியோட யோசன, 1966ல அல்கால் டபிள்யூங்கற லாங்குவேஜ்ல வந்துச்சு. ஆனா அதுல கேஸ் எல்லாம் வரிசை நம்பர்படிதான், மேல பேர் கெடையாது, நடுவுல ஒண்ண சொருகினா கீழ இருக்கறது எல்லாம் ஒண்ணு தள்ளிடும். பேர் போட்டு எழுதறது 1970ல பாஸ்கல் வந்தப்ப பரவலாச்சு.

இப்ப நம்மள்ல நெறைய பேருக்கு பழக்கமான ஸ்விட்சுக்கு வரலாம். அது பிசிபிஎல்ங்கற பழைய லாங்குவேஜ்லருந்து பி, பிலருந்து சின்னு வந்த பரம்பரை. சியோட ஸ்விட்ச புரிஞ்சுக்க ஒரே வழி, கேஸ்ங்கறத ஒரு தனி அறையா நெனைக்காம கதவுல ஒட்டின லேபிளா நெனைக்கறது. ஸ்விட்ச் உங்கள சரியான லேபிளுக்கு கொண்டு போய் விடும், அத்தோட ஸ்விட்சோட வேலை முடிஞ்சுது. அங்கருந்து கோட் மேலருந்து கீழ ஓடிட்டே இருக்கும், அடுத்த கேஸ் லேபிள் நடுவுல வந்தாலும் கண்டுக்காது, பிரேக் போட்டாத்தான் வெளிய வரும். இததான் ஃபால்த்ரூன்னு சொல்றோம். பழைய கோ டூவோட குணம் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு.

இந்த குணத்த வச்சு அழகான காரியமும் பண்ணியிருக்காங்க. 1983ல டாம் டஃப் ஒரு லூப்ப வேகப்படுத்தறதுக்காக ஸ்விட்சோட கேஸ் லேபிள்கள ஒரு டூ வைல் லூப்போட நடுவுலயே கொண்டு போய் வச்சாரு, எட்டு எட்டா காப்பி பண்ற லூப், மீதி அஞ்சோ ஆறோ இருந்தா லூப்போட பாதிலருந்தே நுழைஞ்சுக்கும். முதல் தடவ பாக்கறவங்க இது கம்பைலே ஆகாதுன்னுதான் சொல்வாங்க, ஆனா சியோட விதிப்படி அது முழுக்க சரியான கோட். கேஸ் வெறும் லேபிள்தாங்கறதுக்கு இத விட நல்ல நிரூபணம் கெடையாது.

கஷ்டமான பக்கமும் இருக்கு. 1990 ஜனவரி 15, அமெரிக்கால ஏடி அண்ட் டியோட நீண்ட தூர ஃபோன் நெட்வொர்க் ஒம்பது மணி நேரம் போல திணறிச்சு, போன அழைப்புகள்ல ஏறக்குறைய பாதி போய் சேரல. 114 எக்ஸ்சேஞ்ச்லயும் ஒரே புது சாஃப்ட்வேர், ஒண்ணு ரீசெட் ஆகி எழுந்து வந்து பக்கத்துல இருக்கறதுக்கு சேதி அனுப்ப, அது ரீசெட் ஆக, அது எழுந்து இன்னொண்ண தள்ளிவிடன்னு சுத்திட்டே இருந்துச்சு. காரணம் சி லாங்குவேஜ்ல எழுதின ஒரு பிரேக். ஸ்விட்சுக்குள்ள ஒரு கேஸ், கேஸுக்குள்ள ஒரு இஃப், இஃபுக்குள்ள அந்த பிரேக். எழுதினவங்க மனசுல அது இஃப்லருந்து வெளிய வரணும், ஆனா சி லாங்குவேஜ்ல இஃபுக்கு பிரேக்கே கெடையாது, அது மொத்த ஸ்விட்சையும் விட்டு வெளிய வந்துடுச்சு, அப்பறம் செய்ய வேண்டிய வேலை நடக்காம போச்சு. இத ஃபால்த்ரூ பக்னு சொல்லி கேள்விப்பட்டிருப்பீங்க, ஆனா நெஜத்துல இது நேர் எதிரானது, பிரேக் மறந்து போனதால வந்தது இல்ல, ஒரே பிரேக்குக்கு ரெண்டு மூணு அர்த்தம் இருக்கறதால வந்தது.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஃபால்த்ரூவ சரி பண்ண லாங்குவேஜ் எல்லாம் பிரேக்க சரி பண்ணிடல. கோ லாங்குவேஜ எடுத்துக்கோங்க, ஒரு கேஸ் முடிஞ்சா தானா வெளிய வந்துடும், ஃபால்த்ரூ வேணும்னா அந்த வார்த்தையவே எழுதணும், ரொம்ப நல்ல முடிவு. ஆனா ஒரு ஃபார் லூப்புக்குள்ள ஸ்விட்ச் போட்டு, கேஸுக்குள்ள பிரேக் போட்டா லூப் நிக்காது, ஸ்விட்ச் மட்டும்தான் முடியும், லூப்ப நிறுத்த லேபிள் வச்சு எழுதணும். கோ எழுத ஆரம்பிச்சவங்க ஏறக்குறைய எல்லாரும் இதுல ஒரு தடவயாவது மாட்டியிருப்பாங்க. பிஹெச்பில இன்னும் ஒரு படி மேல, ஸ்விட்சுக்குள்ள கன்டின்யூ போட்டாக்கூட அது பிரேக் மாதிரிதான் நடந்துக்கும், 7.3 வெர்ஷன்லருந்துதான் அதுக்கு வார்னிங் தர ஆரம்பிச்சாங்க. ரஸ்ட்லயும் பைத்தான்லயும் மேட்சுக்கு பிரேக்கே சொந்தம் இல்ல, உள்ள பிரேக் போட்டா வெளிய இருக்கற லூப்தான் நிக்கும், நாம மனசுல நெனைக்கறதும் அதத்தான். சி ஷார்ப் ஒரு நடுவழி, ஃபால்த்ரூ ஆக விடாது, ஆனா பிரேக்க நீங்களே எழுதியே ஆகணும், சி லாங்குவேஜ்லருந்து வந்தவங்களுக்கு கண்ணு பழகியிருக்குன்னு அப்படி வச்சாங்கன்னு தோணுது.

சி, சி ப்ளஸ் ப்ளஸ் உலகமும் சும்மா இல்ல. சி ப்ளஸ் ப்ளஸ் 17ல ஃபால்த்ரூன்னு ஒரு அடையாளம் வந்துச்சு, தெரிஞ்சேதான் கீழ விடறேன்னு கம்பைலருக்கு சொல்றது, பின்னாடி சி 23ம் அதையே எடுத்துக்கிச்சு. ஜிசிசிங்கற கம்பைலரோட 7வது வெர்ஷன்ல அடையாளம் இல்லாம கீழ விழுந்தா எச்சரிக்கிற வார்னிங் வந்துச்சு. லினக்ஸ் கெர்னல்ல அந்த வார்னிங்க மொத்தமா ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலா உக்காந்து, இது தெரிஞ்சு விட்டதா மறந்து விட்டதான்னு பாத்து பாத்து குறிச்சாங்க, அந்த வேலைல நெஜமான பக்ஸும் மாட்டுச்சு. 2019ல 5.3 வெர்ஷன்ல அது ஆன் ஆச்சு. ஒரு லாங்குவேஜ் 1970கள்ல எடுத்த ஒரு சின்ன முடிவுக்கு எவ்வளவு பேரோட பொறுமை செலவாகுது பாருங்க.

அடுத்து, "சமம்"னா என்னங்கற விஷயம். சியோட ஸ்விட்ச் முழு எண்ண மட்டும்தான் பாக்கும் அதனால சந்தேகமே இல்ல. ஸ்ட்ரிங், ஆப்ஜெக்ட்னு வந்ததும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் போனாங்க. பிஹெச்பி ஸ்விட்ச் ரெண்டு ஈக்வல் போட்ட தளர்வான ஒப்பீடு, அதனால 8க்கு முன்னாடி வரைக்கும் பூஜ்யமும் ஏதோ ஒரு வார்த்தையும் சமம்னு போய் தப்பான கேஸுக்குள்ள நுழைஞ்சுடும். 2020ல வந்த பிஹெச்பி 8 மேட்ச்னு புதுசா ஒண்ண கொண்டு வந்துச்சு, அது மூணு ஈக்வல் மாதிரி கறாரா பாக்கும். ரூபில கேஸ் வென் போட்டா ரூபிக்கே உரிய மூணு ஈக்வல கூப்பிடும், அதனால ஒரே கேஸுக்குள்ள ஒரு ரேஞ்ச், ஒரு ரெகெக்ஸ், ஒரு கிளாஸ்னு எத வேணா வைக்கலாம், எழுத சுகமா இருக்கும். பெர்ல் இதுல அளவுக்கு மீறி போச்சு, 2007ல 5.10ல கிவன் வென்னு கொண்டு வந்து, ரெண்டு பக்கமும் என்ன டைப்னு பாத்து ஒப்பிடற முறைய தானே முடிவு பண்ற ஸ்மார்ட்மேட்ச அடியில வச்சாங்க, அந்த விதிகள யாராலயும் மனசுல வச்சுக்க முடியல, 2013ல அது சோதனை முயற்சின்னு முத்திரை குத்தி, 2023ல இனி பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க.

ஜாவா 7ல, அதாவது 2011ல, ஸ்ட்ரிங்க ஸ்விட்ச்ல போடலாம்னு வந்தப்ப உள்ள நடக்கறத ஒரு தடவ பிரிச்சு பாத்தேன், அத இங்க சொல்லணும். ஜாவா கோட ஓட்டற ஜேவிஎம்முக்கு ஸ்ட்ரிங் ஸ்விட்ச்னு ஒண்ணு கெடையவே கெடையாது, எண் ஸ்விட்ச் மட்டும்தான். அதனால கம்பைலர் ஸ்ட்ரிங்கோட ஹேஷ்கோட, அதாவது அதோட எழுத்துகள்லருந்து கணக்கு போட்டு வர எண்ண, எடுத்து அத வச்சு ஒரு ஸ்விட்ச் எழுதுது, உள்ள போனதும் ஈக்வல்ஸ் கூப்பிட்டு நெஜமாவே அதே ஸ்ட்ரிங்தானான்னு பாக்குது, அதுலருந்து ஒரு நம்பர் கெடைக்கும், அந்த நம்பர வச்சு ரெண்டாவதா ஒரு ஸ்விட்ச். ஈக்வல்ஸ் ஏன் வேணும்னா ஹேஷ் மோதும். பெரிய ஏயும் சின்ன ஏயும் சேந்த ரெண்டெழுத்து ஸ்ட்ரிங்க எடுங்க, 65ஐ 31ஆல பெருக்கி 97 கூட்டினா 2112. பெரிய பி ரெண்டு தடவ, 66ஐ 31ஆல பெருக்கி 66 கூட்டினா அதுவும் 2112. நாம எழுதற ஒரு ஸ்விட்ச் உள்ள போய் ரெண்டா ஆகுது.

வேகம் பத்தி சுருக்கமா. கேஸ் எண்கள் 1, 2, 3, 4ன்னு நெருக்கமா இருந்தா கம்பைலர் ஜம்ப் டேபிள், அதாவது எந்த எண்ணுக்கு எங்க தாவணும்ங்கற பட்டியல், கட்டும், 5, 900, 70000ன்னு சிதறி கெடந்தா பைனரி சர்ச் மாதிரி ஒப்பிடும், ரெண்டே மூணுன்னா சாதா இஃப்தான். கோ 2022ல 1.19லதான் பெரிய ஸ்விட்சுக்கு ஜம்ப் டேபிள் போட ஆரம்பிச்சுது, 20 சதவீதம் போல வேகம் கூடலாம்னு அவங்களே சொன்னாங்க. ஸ்விட்ச் எழுதறதா இஃப் எழுதறதான்னு வேகத்த வச்சு முடிவு பண்ற காலம் ரொம்ப பேருக்கு போயிடுச்சு.

இப்ப என் கேள்விக்கே திரும்பறேன். 1950கள் கடைசில ஜான் மெக்கார்த்தி லிஸ்ப்ல கண்டிஷன ஒரு மதிப்பு தர விஷயமா பாத்தாரு, காண்ட்னு எழுதினா அதுலருந்து ஒரு விடை திரும்பி வரும். சி பரம்பரைல ஸ்விட்ச் விடை தராது, அதனால மேல ஒரு வேரியபிள் அறிவிச்சு ஒவ்வொரு கேஸ்லயும் அதுக்கு மதிப்பு போடறோம். இந்த வித்தியாசம் ஏதோ எழுத்து சுருக்கம்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன், அது தப்பு. ஒரு அமைப்பு கட்டாயம் விடை தரணும்னா எல்லா வழிக்கும் விடை இருக்கணும், ஒரு வழிய விட்டுட்டா "அப்ப என்ன தரது?"ங்கற கேள்வி தானா எழும், கம்பைலர் கேக்க ஒரு காரணம் இருக்கு. விடை தர வேண்டாம்னா விட்டுட்டா விட்டதுதான், யாரும் கேக்க காரணமே இல்ல. ஜாவாலயே இத பக்கத்து பக்கத்துல பாக்கலாம்: எனம், அதாவது இன்னின்ன மதிப்பு மட்டும்தான்னு பட்டியல் போட்டு வச்ச டைப், அத பழைய ஸ்டேட்மென்ட் ஸ்விட்ச்ல போட்டு ரெண்ட விட்டுட்டாலும் கம்பைலர் தடுக்காது, அதையே 2020ல ஜாவா 14ல வந்த எக்ஸ்பிரஷன் ஸ்விட்ச்ல போட்டா எல்லாத்தையும் எழுதாம கம்பைல் ஆகாது.

எம்எல், ஹாஸ்கல், ரஸ்ட் குடும்பத்துக்கு இப்படி விடை தரது பிறவி குணம். எடின்பரோல 1970கள்ல ராபின் மில்னர் தொடங்கின எம்எல் வழில பேட்டர்ன் மேட்சிங் வளந்துச்சு, மதிப்ப ஒப்பிடறதோட நிக்காம அதோட வடிவத்த பிரிச்சு உள்ள இருக்கறத பேர் வச்சு வெளிய எடுக்கும். ரஸ்ட்ல ஒரு வழிய விட்டீங்கன்னா இ0004ன்னு எரர் வரும், எந்த மதிப்புக்கு பதில் இல்லன்னு அந்த பேரையே எழுதி காட்டும். ஆனா எல்லா வழியும் எழுதித்தான் ஆகணும்ங்கறது இந்த மாதிரி ஃபங்ஷனல் லாங்குவேஜ் ஆளுங்களோட தனிச்சொத்து இல்ல, 1983லயே ஏடாங்கற லாங்குவேஜ் அத கட்டாயம் ஆக்கிடுச்சு, அதுவும் சாதாரண கேஸ் ஸ்டேட்மென்டுக்கே. ஏடாவ பத்தி பேசும்போது இதுக்கு உரிய மரியாதைய யாரும் குடுக்கறதில்லன்னு எனக்கு வருத்தம் உண்டு.

கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1975ல எழுதின கார்டட் கமாண்ட்ல, அதாவது ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னாடி ஒரு கண்டிஷன் வைக்கற முறைல, எந்த கண்டிஷனும் பொருந்தலன்னா புரோகிராம் நின்னுடணும்னு வச்சாரு. ஃபோர்ட்ரானோட சத்தமில்லாத வழிக்கு நேர் எதிர். பல லாங்குவேஜ் இந்த ரெண்டு வழியையும் ஒண்ணா வீட்டுக்குள்ள வச்சிருக்கு. பிஹெச்பி ஸ்விட்ச் பொருந்தலன்னா பேசாம போயிடும், மேட்ச் எரர் வீசும். ரூபில கேஸ் வென் பொருந்தலன்னா நில் தரும், 2.7ல வந்த கேஸ் இன் எரர் வீசும். பழச மாத்தினா உலகத்துல ஓடிட்டு இருக்கற கோட் உடையும், அதனால பக்கத்துலயே புதுசா ஒண்ண கட்டியிருக்காங்க.

பைத்தான் மட்டும் வேற முடிவு எடுத்துச்சு. ஸ்விட்ச் வேணும்னு 2001லயும் 2006லயும் முறையா முன்மொழிவு வந்து ரெண்டும் நிராகரிக்கப்பட்டுச்சு, 2006ல எழுதினது பைத்தான உருவாக்கின கீடோ வான் ராசமே. கடைசில 2021ல 3.10ல மேட்ச் வந்துச்சு, ரொம்ப சக்தியான பேட்டர்ன் மேட்சிங், ஆனா எதுவும் பொருந்தலன்னா சத்தமில்லாம அடுத்த வரிக்கு போயிடும். அதோட ஒரு பொறியும் இருக்கு. மேல ஒரு மாறிலிய பேர் வச்சு வச்சிருக்கீங்க, கேஸ் போட்டு அந்த பேர எழுதறீங்க, அது அந்த மதிப்போட ஒப்பிடும்னு நெனைப்பீங்க, இல்ல, வந்த மதிப்ப அந்த பேர்ல புதுசா போட்டு வச்சுக்கும், அதனால எல்லாத்துக்கும் பொருந்தும். அது கடைசி கேஸா இல்லாம இருந்தா பைத்தானே சின்டாக்ஸ் எரர் தந்து காப்பாத்தும், கடைசி கேஸா இருந்தா ஒரு வார்த்தை சொல்லாது. எனம் மாதிரி நடுவுல புள்ளி வர பேரா எழுதினா ஒழுங்கா ஒப்பிடும். 3.11லருந்து அசர்ட் நெவர்னு ஒண்ணு இருக்கு, கடைசி கேஸ்ல அத வச்சு, டைப்ப சரிபாக்கற மைபைங்கற டூல ஓட்டினா விட்டுப்போனத காட்டும், டைப்ஸ்கிரிப்ட்ல டீஃபால்ட்டுக்குள்ள நெவர் டைப்புக்கு மதிப்ப போட்டு பண்ற அதே உத்தி.

இவ்வளவும் சொன்னப்பறம் டீஃபால்ட் விஷயத்துக்கு வந்துதான் ஆகணும். எவ்வளவு கண்டிப்பான லாங்குவேஜா இருந்தாலும், ரஸ்ட்ல ஒரு அண்டர்ஸ்கோர், ஏடால ஒரு அதர்ஸ், ஜாவால ஒரு டீஃபால்ட் போட்டுட்டீங்கன்னா கம்பைலர் அதோட கேக்கறத நிறுத்திடும், ஏன்னா "மீதி எல்லாத்துக்கும் இதான் பதில்"னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னிக்கு இருக்கற மீதிக்கு அது உண்மையா இருக்கலாம், நாளைக்கு வரப்போற மதிப்புக்கும் சேத்து நீங்க பதில் சொல்லிட்டீங்கங்கறதுதான் சிக்கல். ஸ்விட்ச்ல டீஃபால்ட் கட்டாயம் இருக்கணும்னு சி கோட பாதுகாப்பா எழுதறதுக்கான மிஸ்ரா சி மாதிரியான விதிகள் சொல்லும், சி லாங்குவேஜ்ல அது நியாயம், ஏன்னா எனம் வேரியபிள்ல பட்டியல்ல இல்லாத எண் கூட வந்து உக்காரலாம். சரிபாக்கற கம்பைலர் இருக்கற லாங்குவேஜ்ல அதே பழக்கத்த கொண்டு வரது எனக்கு சரியா படல.

லைப்ரரி எழுதறவங்க பக்கம் நின்னா இது வேற மாதிரி தெரியும். அவங்க ஒரு எனம்ல ஒரு மதிப்பு கூட்டினா அத டீஃபால்ட் இல்லாம மேட்ச் பண்ற எல்லாரோட கோடும் உடையும். அதுக்காகத்தான் ரஸ்ட் 2019 கடைசில 1.40ல நான் எக்ஸாஸ்டிவ்னு ஒரு குறி குடுத்துச்சு, அது போட்ட எனம வெளிய இருந்து மேட்ச் பண்றவங்க அண்டர்ஸ்கோர் எழுதியே ஆகணும். இந்த சிக்கலுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச தீர்வு ஸ்விஃப்ட் 5ல 2019ல வந்த அன்னோன் டீஃபால்ட். நாளைக்கு புதுசா ஒரு மதிப்பு வந்தா அது பாத்துக்கும், ஆனா இன்னிக்கே தெரிஞ்ச மதிப்பு ஒண்ண நீங்க விட்டிருந்தா வார்னிங் தரும். வரப்போறதுக்கு ஒரு பதில், மறந்துபோனதுக்கு ஒரு பதில், ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்காங்க.

சரி, என் மெயில் கோடுக்கு என்ன பண்ணேன்னா, அத எக்ஸ்பிரஷன் ஸ்விட்சா மாத்தி டீஃபால்ட்ட எடுத்துட்டு அஞ்சு கேஸையும் பேர் சொல்லி எழுதினேன். ரெண்டு நிலைக்கு ஒரே பதில்னாலும் கமா போட்டு ரெண்டு பேரையும் எழுதினேன். அப்பறம் அந்த எனம தொடற மத்த ஸ்விட்ச் எல்லாத்தையும் தேடிப்பிடிச்சு அதே மாதிரி மாத்தினோம். கொஞ்ச நாள் கழிச்சு "பாதி மட்டும் திரும்பி வந்தது"ன்னு ஆறாவது நிலை வந்துச்சு. அத சேத்து கம்பைல் பண்ணப்ப ஏழு எடத்துல எரர் விழுந்துச்சு, அதுல ரெண்டு ஃபைல் இருக்கறதே எங்க யாருக்கும் ஞாபகத்துல இல்ல.